ஆறு வார சைட் பயிற்சி, ஒரே ஒரு ஸ்லாப்

ஆறு வாரம் என்றால் 42 நாள். வலிமையைச் சோதிக்க வார்த்து உடைக்கும் கான்கிரீட் கியூபின் (கனசதுரக் கட்டியின்) முழு வலிமை முடிவு கைக்கு வர 28 நாள். கழித்தால் மிச்சம் 14. அதாவது ஒரு கான்கிரீட்டைக் கம்பி கட்டுவதிலிருந்து கடைசிக் கியூப் உடைபடுவதுவரை முழுதாகப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டுமானால், நீங்கள் போய்ச் சேர்ந்த முதல் 14 நாளுக்குள் அந்தக் கான்கிரீட் விழுந்திருக்க வேண்டும். கட்டட சைட்டுக்குப் பயிற்சிக்குப் போகும் சிவில் இன்ஜினியரிங் மாணவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. முதல் இரண்டு வாரம் சைட்டைச் சுற்றிப் பார்ப்பதிலேயே கரைந்துவிடுகிறது.

சுற்றிப் பார்ப்பதில்தான் சிக்கலே. சைட்டில் எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை. மாணவருக்கென்று யாரும் வேலையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. ஒரு நாள் செங்கல் கட்டு, ஒரு நாள் பூச்சு, மறுநாள் டைல்ஸ் என்று எல்லாவற்றையும் ஒரு கண் பார்த்துவிட்டு வந்தால், கடைசியில் அறிக்கையில் நாற்பது படமும், பாடப் புத்தகத்திலிருந்து எடுத்த சிமென்ட் விளக்கமும்தான் இருக்கும். அதற்குப் பதில் ஒரே ஒரு உறுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு அறையின் மேல் ஸ்லாப் போதும். அதன் வரைபடம், சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகை), கம்பி, மட்டம், கான்கிரீட், கியூப், நீராற்றல் (கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பது), கடைசியில் முடிந்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகம் எல்லாவற்றையும் விடாமல் தொடருங்கள். மற்ற வேலைகள் தானாகக் கண்ணில் படும்.

ஆறு மாதமோ ஒரு வருடமோ இருக்கப் போகிறவர்களுக்கு இந்த அவசரம் இல்லை. படிப்பையும் வேலையையும் மாறி மாறி வைக்கும் முறையை ஹெர்மன் ஷ்னைடர் 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். வகுப்பில் படித்ததை உடனே கையால் செய்து பார்க்க வேண்டும், செய்ததில் எழுந்த கேள்வியோடு வகுப்புக்குத் திரும்ப வேண்டும் என்பது அதன் அடிப்படை. பிரிட்டனில் இரண்டாம் ஆண்டுக்கும் கடைசி ஆண்டுக்கும் நடுவே ஒரு முழு வருடம் வேலைக்குப் போகும் வழக்கம் உண்டு. ஆறு வாரப் பயிற்சியை இவற்றோடு ஒப்பிட முடியாது. அதனால்தான் குறுகலாகவும் ஆழமாகவும் தேர்ந்தெடுக்கச் சொல்வது.

சேர்வதற்கு முன்

நிறுவனத்திடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். யார் என் பொறுப்பாளர்? நான் வரும் முதல் இரண்டு வாரத்தில் எந்தக் கான்கிரீட் வேலை திட்டத்தில் இருக்கிறது? விபத்துக் காப்பீடு யார் பெயரில், கல்லூரியா நிறுவனமா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத சைட்டில் கால் வைக்காதீர்கள். பொறுப்பாளர் யார் என்று முடிவாகாத சைட்டில் நீங்கள் ஜெராக்ஸ் எடுக்கும் ஆளாகத்தான் இருப்பீர்கள். அதுவும் ஒரு பயிற்சிதான் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

கையில் வேண்டியவை கொஞ்சம்தான்: 5 மீட்டர் டேப், சட்டைப் பையில் அடங்கும் கெட்டி அட்டை நோட்டு, பென்சில், சாக்பீஸ், ஆணி ஏறாத அடியும் இரும்பு முனையும் கொண்ட ஷூ. பேனா வேண்டாம். ஈரமும் சிமென்ட் தூளும் பட்ட தாளில் பேனா எழுதாது, எழுதியதும் கரையும். போனில் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். வரைபடமும் சைட்டின் படமும் நிறுவனத்தின் சொத்து. எடுக்கும் படத்தில் டேப்பை விரித்து வையுங்கள். அளவு தெரியாத படம் அறிக்கைக்கு அலங்காரம் மட்டுமே.

வரைபடம்

முதல் மூன்று நாள் இதற்கு. ஸ்லாபின் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தைக் கேட்டு வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது கம்பியை அல்ல, வலது கீழ் மூலையில் இருக்கும் திருத்த எண்ணை. சைட்டில் நடக்கும் பெரிய தவறுகளில் பல, பழைய திருத்தத்தை வைத்து வேலை செய்ததால் வருபவை. ஆபீஸில் மூன்றாம் திருத்தம் இருக்கும், கம்பி கட்டுபவர் கையில் மடித்துக் கிழிந்த இரண்டாம் திருத்தம் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க நேரம் உள்ள ஒரே ஆள் நீங்கள்தான்.

அடுத்தது பொதுக் குறிப்புகள். கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்) எவ்வளவு, கான்கிரீட் கிரேடு (வலிமை வகை) என்ன, ஓவர்லேப் (இரண்டு கம்பிகள் சேரும் இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ஓடும்) நீளம் கம்பி விட்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அதன் பிறகு ஆர்கிடெக்ட் வரைபடத்தையும் பக்கத்தில் விரியுங்கள். அதில் தரை மட்டம் என்று இருப்பது டைல்ஸ் போட்ட பிறகான மட்டம். ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தில் இருப்பது கான்கிரீட்டின் மேல் மட்டம். நடுவே 50 மி.மீ. வித்தியாசம் இருக்கலாம். இரண்டையும் ஒன்றென நினைத்து மட்டம் வைத்தால் கதவு உயரம் முதல் படிக்கட்டின் கடைசிப் படிவரை எல்லாம் உதைக்கும்.

கம்பி

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஸ்லாப் 6 மீட்டருக்கு 4 மீட்டர், தடிமன் 150 மி.மீ. குறுகிய திசையில் 10 மி.மீ. கம்பி, 150 மி.மீ. இடைவெளி, கவர் 20 மி.மீ. எத்தனை கம்பி? 6000-இலிருந்து இரு பக்கக் கவர் 40-ஐக் கழித்து 150-ஆல் வகுத்தால் 39.7. இடைவெளிகள் 40, கம்பிகள் 41. அந்த ஒன்றைக் கூட்ட மறப்பது மாணவர்கள் செய்யும் முதல் தவறு. ஒவ்வொன்றும் 3.96 மீட்டர், மொத்தம் 162.4 மீட்டர். கம்பி விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை: 100 / 162 = 0.617 கி.கி. ஆக, கொக்கியும் ஓவர்லேப்பும் சேர்க்காமல் ஏறத்தாழ 100 கி.கி. அந்த 162 வானத்திலிருந்து குதித்ததல்ல. எஃகின் அடர்த்தியையும் (கன மீட்டருக்கு 7850 கி.கி.) வட்டத்தின் பரப்பளவையும் சேர்த்துச் சுருக்கினால் வருவது. ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள், பிறகு மறக்காது.

இப்போது சென்ட்ரிங் பலகை மேல் ஏறி டேப்பை வையுங்கள். ஒரு இடைவெளியை அளக்காதீர்கள், பத்து இடைவெளியைச் சேர்த்து அளங்கள். 1500 வர வேண்டிய இடத்தில் 1750 வந்தால் சராசரி 175. ஒரு மீட்டர் அகலத்தில் 523 சதுர மி.மீ. எஃகு இருக்க வேண்டிய இடத்தில் 449 தான் இருக்கிறது. 14 சதவீதம் குறைவு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் உடைந்திருக்கிறதா, கம்பி பலகையில் படுத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மேல் கம்பியைத் தாங்கும் சேர் (வளைத்த கம்பித் தாங்கி) போதுமான அளவு இல்லையென்றால், கான்கிரீட் போடும் ஆட்கள் மேலே நடக்க நடக்க அது கீழே இறங்கிவிடும். சன்ஷேடு, பால்கனி போல ஒரு பக்கம் மட்டும் தாங்கி நிற்கும் ஸ்லாபில் இது வெறும் குறை அல்ல, ஆபத்து. அங்கே இழுவிசை மேல் பக்கம். மேல் கம்பி கீழே போய்விட்டால் கம்பி இல்லாததற்குச் சமம். பீம், காலம் (தூண்) பக்கம் போனால் ஸ்டிரப்பின் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தின்) கொக்கியைப் பாருங்கள். வரைபடத்தில் 135 டிகிரி என்று இருந்தால், 90-இல் மடித்துவிட்டுப் போவது வேலையைச் சுருக்குவதுதான். நில அதிர்வில் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் 90 டிகிரி கொக்கி பிரிந்துகொள்ளும்.

தவறு கண்ணில் பட்டால் எப்படிச் சொல்வது என்பது தனிக் கலை. மேஸ்திரியிடம் போய் "இது தப்பு" என்று சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. "இங்கே 150 வரணுமா, 175 வரணுமா அண்ணே? வரைபடத்துல 150-ன்னு பார்த்தேன்" என்று கேட்டால் அவரே டேப்பை எடுப்பார். எடுக்கவில்லையென்றால் சைட் இன்ஜினியரிடம் சொல்லுங்கள். நீங்களாக ஆட்களுக்கு உத்தரவு போடாதீர்கள். பயிற்சி மாணவர் சொல்லிக் கம்பியை மாற்றினோம் என்ற பேச்சு வந்தால் பழி உங்கள் தலையில்தான் விடியும்.

மட்டம்

ஆட்டோ லெவலை (மட்டம் பார்க்கும் கருவியை) தொட விடும் சைட் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஸ்லாபின் அடி மட்டம் பார்ப்பது கல்லூரி சர்வே கேம்பில் செய்த பயிற்சிக்குத் தலைகீழ், நிஜமாகவே. பென்ச் மார்க் (உயரம் தெரிந்த புள்ளி) 100.000 மீட்டர், அதன் மேல் நிறுத்திய ஸ்டாஃபில் (அளவுகோலில்) படித்த பின்நோக்கு 1.425 என்றால் கருவியின் பார்வை உயரம் 101.425. ஸ்லாபின் அடி 103.150-இல் இருக்க வேண்டும். அது பார்வை உயரத்துக்கு மேலே. எனவே ஸ்டாஃபைத் தலைகீழாகப் பிடித்து அதன் அடியைப் பலகையின் அடிப்பக்கத்தில் முட்ட வைத்துப் படிக்க வேண்டும். வித்தியாசம் 1.725. ஆனால் 1.725 வந்தால் மட்டம் தவறு! ஸ்டாஃப் முட்டுவது பிளைவுட்டின் அடியில். கான்கிரீட் உட்காருவது அதன் மேலே. பிளைவுட் 12 மி.மீ. என்றால் படிக்க வேண்டியது 1.713. நோட்டில் தலைகீழ் ரீடிங்குக்கு முன் கழித்தல் குறி போடுங்கள், இல்லையென்றால் மாலையில் கணக்குப் போடும்போது ஸ்லாப் தரைக்கடியில் போய்விடும்.

கருவியே சரியா என்று ஒருமுறை சோதியுங்கள். 50 மீட்டர் தள்ளி இரண்டு முளை அடித்து, நடுவில் கருவியை வைத்து வித்தியாசம் எடுங்கள். பிறகு ஒரு முளைக்குப் பக்கத்தில் வைத்து மீண்டும் எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பார்வைக் கோடு சாய்ந்திருக்கிறது. அரை மணி நேர வேலை.

பலகையைத் தாங்கும் முட்டுகளையும் பாருங்கள். நம் ஸ்லாபில் 3.6 கன மீட்டர் கான்கிரீட், ஏறத்தாழ 9 டன். அது ஈரமாக இருக்கும்வரை முழு எடையும் முட்டுகள் மேல்தான். முட்டு தூக்குக்குண்டுக்கு நேராக இருக்கிறதா, அடியில் தளர்ந்த மண்ணோ உடைந்த செங்கல்லோ இருக்கிறதா, குறுக்குப் பிடிப்பு உண்டா என்று பாருங்கள். கான்கிரீட் விழும் நேரத்தில் அந்த ஸ்லாபுக்கு அடியில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள்.

கான்கிரீட் நாள்

கலந்த கான்கிரீட்டோடு டிரக் வந்ததும் டிக்கெட்டை (டெலிவரி சீட்டை) வாங்கிப் படியுங்கள். கிரேடு, அளவு, கலந்த நேரம், கேட்ட ஸ்லம்ப் (கூம்பைத் தூக்கியதும் கலவை எவ்வளவு இறங்கி உட்காரும் என்பதன் அளவு). நீங்கள் சேர்க்க வேண்டியவை: சைட்டுக்கு வந்த நேரம், கொட்டத் தொடங்கிய நேரம், முடித்த நேரம். இந்த மூன்றும் பின்னால் கியூப் வலிமை குறைந்தால் முதலில் தேடப்படும்.

ஸ்லம்ப் கூம்பு உயரம் 300 மி.மீ., அடி 200, மேல் 100. மூன்று அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் 16 மி.மீ. கம்பியால் 25 குத்து. கூம்பை நேர் மேலே, திருகாமல், சில நொடிகளில் தூக்க வேண்டும். அடித் தட்டு காய்ந்திருந்தாலோ ஆடினாலோ அளவு பொய். சரிந்து ஒரு பக்கமாக வெட்டிக்கொண்டு விழுந்தால் அதை அளக்காதீர்கள், மறுபடி எடுங்கள். மறுபடியும் அப்படியே விழுந்தால் கலவை ஒட்டும் தன்மை இல்லாதது. அதையே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து வரப்போவது தண்ணீர்ச் சண்டை. கான்கிரீட் கெட்டியாக இருக்கிறது, பம்பில் போகவில்லை, கொஞ்சம் தண்ணீர் விடுங்கள் என்று குரல் வரும். கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஒரு கன மீட்டரில் சிமென்ட் 340 கி.கி., தண்ணீர் 163 லிட்டர் என்றால் விகிதம் 0.48. 6 கன மீட்டர் டிரக்கில் 60 லிட்டர் விட்டால், கன மீட்டருக்கு 10 லிட்டர் கூடி, விகிதம் 0.51 ஆகிறது. நான்கு வாளித் தண்ணீர். தண்ணீர் சிமென்ட் விகிதம்தான் வலிமையைத் தீர்மானிக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-இல் காட்டியது, இன்றைக்கும் டிரக்கின் வாலில் நின்று விவாதிக்கப்படுகிறது. தண்ணீர் விடுவதைத் தடுப்பது உங்கள் வேலை அல்ல. எந்த டிரக்கில், எத்தனை மணிக்கு, எவ்வளவு விடப்பட்டது என்று எழுதி வைத்துப் பொறுப்பாளரிடம் சொல்வது உங்கள் வேலை. கலவை ஓட வேண்டுமென்றால் பிளாண்ட் ஆட்கள் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் மருந்து) சேர்ப்பதே சரியான வழி.

வைப்ரேட்டர் ஊசி வேகமாக உள்ளே, மெதுவாக வெளியே. தலைகீழாகச் செய்தால் மேலே மூடிக்கொள்ளும், உள்ளே காற்று தங்கும். ஊசியைப் படுக்க வைத்துக் கான்கிரீட்டை இழுத்துக்கொண்டு போவதை எல்லா சைட்டிலும் பார்ப்பீர்கள். ஜல்லி ஓரிடத்திலும் சிமென்ட் பால் ஓரிடத்திலும் பிரிவது அதனால்தான். பலகை பிரித்ததும் பீமும் காலமும் சேரும் இடத்தில் தேன்கூடு போல ஓட்டைகள் தெரிந்தால், அன்று அங்கே ஊசி போனதா என்று உங்கள் நோட்டைப் புரட்டுங்கள்.

ஈரக் கான்கிரீட் கடுமையான காரம். ஷூவுக்குள் போனால் உடனே வலிக்காது, மாலையில் தோல் வெந்திருக்கும். பட்டதும் கழுவுங்கள், நனைந்த சாக்ஸை அப்போதே மாற்றுங்கள்.

கியூப்

150 மி.மீ. அச்சு. மாதிரியை டிரக் கொட்டத் தொடங்கும்போதோ முடியும்போதோ எடுக்காமல் நடுவில் எடுங்கள். மூன்று அடுக்கு, அடுக்குக்கு 35 குத்துக்குக் குறையாமல். அச்சின் போல்ட் தளர்ந்திருந்தால் பால் ஒழுகி ஓரம் பொரிந்துவிடும். மேலே ஈரச் சாக்கு மூடி, 24 மணி நேரம் யாரும் அசைக்காத நிழலில். பலர் இந்த ஒரு நாளில்தான் கோட்டை விடுகிறார்கள்: வெயிலில் கிடக்கும், வண்டி வந்தால் காலால் நகர்த்துவார்கள். பிறகு கான்கிரீட் மேல் பழி. பிரித்ததும் தேதி, கிரேடு, இடம், டிரக் எண்ணை எழுதித் தொட்டியில் போடுங்கள்.

உடைக்கும்போது கரணையால் தேய்த்த முகம் மேலே வரக்கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும். அச்சைத் தொட்ட முகங்கள்தான் சமமானவை. பரப்பு 22,500 சதுர மி.மீ. இயந்திரம் 562.5 கிலோநியூட்டன் காட்டினால் வலிமை சதுர மி.மீ.-க்கு 25 நியூட்டன். 540 காட்டினால் 24. சாதாரண சிமென்டில் 7 நாள் முடிவு 28 நாளின் மூன்றில் இரண்டு பங்கு அளவில் வரும். பறக்கும் சாம்பலோ (ஃப்ளை ஆஷ்) இரும்பு உலைக் கசடோ கலந்த சிமென்டில் தொடக்கம் மெதுவாக இருக்கும், அதற்குள் அலறக் கூடாது. எம் 25-க்கு, அதாவது 25 வலிமை கேட்ட கான்கிரீட்டுக்கு, 31 வந்தால் சிமென்டை வீணாக்கிவிட்டார்கள் என்றும் நினைக்காதீர்கள். திட்ட விலக்கம் (முடிவுகள் கூடிக் குறைவதன் அளவு) 4 என்று வைத்தால் அதன் 1.65 மடங்கைக் கூட்டி, 31.6-ஐக் குறிவைத்துத்தான் கலவையே வடிவமைக்கப்படுகிறது.

நீராற்றலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போய்ப் பாருங்கள். ஸ்லாப் மேல் தண்ணீர் தேக்கும் பாத்தி காய்ந்திருக்கும். கடைசியாக எப்போது ஈரம் பார்த்தீர்கள் என்று மணியோடு குறியுங்கள்.

கணக்குத் தீர்த்தல்

பயிற்சியில் எதையாவது ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யலாம் என்பேன். வரைபடப்படி 3.60 கன மீட்டர். டிக்கெட்டுகளின்படி அந்த ஸ்லாபில் போனது 3.84 என்று வைத்துக்கொள்வோம். 0.24 எங்கே போனது? பம்புக் குழாயில் மிஞ்சியது கொஞ்சம், சிந்தியது கொஞ்சம். ஆனால் 24 சதுர மீட்டரில் தடிமன் 10 மி.மீ. கூடினாலே சரியாக 0.24 வந்துவிடும். அப்படியென்றால் பலகை தொய்ந்ததா, மேல் மட்ட ஆணி தவறாக வைக்கப்பட்டதா? கூடுதல் தடிமன் என்றால் அரை டன்னுக்கு மேல் எடை அந்த பீம்கள் மேல் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. பலகை பிரித்த பிறகு அடி மட்டத்தையும் மேல் மட்டத்தையும் மூன்று இடங்களில் எடுத்தால் பதில் கிடைத்துவிடும். கம்பிக்கும் இதே போல: கணக்கில் 100, ஸ்டோரில் எழுதிக் கொடுத்தது எவ்வளவு, வெட்டித் துண்டு எவ்வளவு. அறிக்கையில் இந்த ஒரு பக்கம் இருந்தால் வைவாவில் தேர்வாளர் மற்றப் பக்கங்களைப் புரட்ட மாட்டார்.

இதற்கெல்லாம் அடிப்படை அன்றன்றைய நோட்டு. தேதி, வானிலை, ஆட்கள் எண்ணிக்கை, நடந்த வேலை, அளந்த எண்கள், பதில் தெரியாத ஒரு கேள்வி. அன்று மாலையே எழுதி, வாரத்துக்கு ஒருமுறை பொறுப்பாளரின் கையெழுத்து வாங்குங்கள். கடைசி வாரத்தில் மொத்தமாக நீட்டினால் அவர் படிக்காமல் போடுவார், நீங்களும் நினைவிலிருந்து இட்டுக்கட்டியிருப்பீர்கள்.

பாதுகாப்பில் யாரும் விட்டுக்கொடுக்கக் கேட்டாலும் சம்மதிக்கக் கூடாதவை சில உண்டு. 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில் பக்கவாட்டுத் தாங்கலோ சரிவோ இல்லாமல் இறங்காதீர்கள். தூக்கும் சுமைக்கு அடியில் நிற்காதீர்கள். மொட்டைக் கம்பிகளுக்கு மூடி இல்லாத இடத்தில் சாரத்தில் ஏறாதீர்கள். ஏணி நான்குக்கு ஒன்று சாய்வில், மேல் தளத்துக்கு மேலே ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டு, கட்டப்பட்டு இருக்க வேண்டும்.

கான்கிரீட் 14 நாளுக்குள் விழாமல் தள்ளிப்போவதும் உண்டு. மழை, கம்பி வராதது, திருத்தம், எதுவும் நடக்கும். அப்போது 7 நாள் முடிவோடு அறிக்கையை முடியுங்கள். கிளம்பும் முன் லேப் பதிவேட்டில் உங்கள் கியூப்களின் வரிசை எண்ணையும் உடைக்கும் தேதியையும் குறித்துக்கொண்டு, பொறுப்பாளரிடம் "28 நாள் ரிசல்ட் வந்ததும் அனுப்புறீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். அந்தத் தேதியன்று ஒரு போன் போட்டு நினைவுபடுத்துங்கள்.